எந்திரம் படிக்கும் உரை

உரை எழுதுதல் நம் மொழியில் மிகப் பழைய தொழில். நூலைச் செய்தவர் ஒருவர், அதைக் கற்க வந்தவர் மற்றொருவர். இருவருக்கும் நடுவே நின்று, முன்னவர் சொல்லாமல் விட்டதைப் பின்னவர் கேட்குமுன் சொல்லிவிடுபவர் உரையாசிரியர். பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் வீற்றிருந்த அந்த மாளிகையின் புறக்கடையில் நாங்கள் இருவரும் பல்லாண்டுகளாகக் குடியிருக்கிறோம். மென்பொருள்களுக்கு ஆவணம் எழுதுவது எங்கள் பிழைப்பு. இந்தப் பொத்தானை அழுத்தினால் இன்னது நிகழும், இந்தக் கட்டத்தில் தேதியை இவ்வாறு நிரப்புக என்று எழுதுவதற்கு யாரும் மாலையிட்டதில்லை. ஆயினும், கருத்தும் பதப்பொருளும் எடுத்துக்காட்டும் காட்டி, வேண்டுமிடத்து வினாவும் விடையும் சேர்த்து உட்பொருளை விளக்குவது காண்டிகையுரை என்று நன்னூல் வகுத்திருப்பதைப் படித்தபோது, இது நம் தொழிலையல்லவா சொல்கிறது என்று எங்களுக்குள் மெல்லச் சிரித்துக்கொண்டதுண்டு.

2025-ஆம் ஆண்டின் முற்பகுதியில் எங்களிடம் ஒரு வேலை வந்தது. அனுப்பியது ஓர் அயல்நாட்டு நிறுவனம். விளையாட்டுப் பந்தயங்களின் விகிதங்களைப் பல புக்கிகளிடமிருந்து திரட்டி, ஒரே வடிவத்தில் ஒழுங்குபடுத்தி விற்பது அவர்கள் வணிகம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே மாதத்தில், மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பதற்குத் தடையாக இருந்த 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாதென்று அறிவித்த பிறகு அந்நாட்டில் இவ்வணிகம் பெருகியது. இப்போது அவர்களுக்குப் புதியதொரு வாடிக்கையாளர் கிடைத்திருந்தார். அந்த வாடிக்கையாளர் மனிதர் அல்லர்.

செயற்கை நுண்ணறிவு முகவர் என்று இன்று அழைக்கப்படும் நிரல், கேட்ட கேள்விக்கு விடை கூறுவதோடு நிற்பதில்லை. விடைக்கு வேண்டிய தரவைத் தானே தேடிச் செல்கிறது. அவ்வாறு செல்வதற்கான பொதுவழி ஒன்றை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பெயரில் வெளியிட்டது. அதன்படி ஒரு கருவி வழக்கமாகத் தன்னைப் பற்றி மூன்று செய்திகளை எந்திரத்திடம் சொல்லிக்கொள்கிறது: தன் பெயர், தான் செய்வது இன்னதென்னும் விளக்கம், தனக்கு வேண்டிய உள்ளீடுகளின் பட்டியல். பெயரும் பட்டியலும் நிரலாளர் பாடு. விளக்கம் எங்கள் பாடு.

முதலில் இதை வழக்கமான வேலை என்றே எண்ணினோம். இரண்டு நாள்களில் வேறுபாடு புலப்பட்டது. இதுவரை நாங்கள் எழுதியவற்றை மனிதர்கள் படித்தார்கள். பெரும்பாலும் படிக்கவில்லை என்பதே உண்மை. படித்தவர்களும் ஐயம் தோன்றினால் நிறுத்தி, பக்கத்து மேசைக்காரரைக் கேட்பார்கள். எந்திரமோ எங்கள் விளக்கத்தை ஒவ்வொரு முறையும், ஒரு சொல்லும் விடாமல் படிக்கிறது. படித்ததை வைத்தே இந்தக் கருவியை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. நாங்கள் எழுதும் வாக்கியம் அதற்கு விளக்கமாகவும் இருக்கிறது, ஏவலாகவும் இருக்கிறது. இத்தனை கூர்ந்து படிக்கும் வாசகர் எங்களுக்கு வாய்த்ததில்லை. வாய்த்தபோது அச்சமே மேலோங்கியது.

*

பந்தயக் கணக்கை நாங்கள் கற்க வேண்டியிருந்தது. ஒரே செய்தியை மூன்று நாட்டார் மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஐரோப்பியர் 2.50 என்று எழுதுவதைப் பிரிட்டிஷ் புக்கிகள் 6/4 என்று எழுதுவார்கள். அமெரிக்கர் +150 என்பார்கள். மூன்றுக்கும் பொருள் ஒன்றே: நூறு கட்டி வென்றால் கட்டிய நூறும் அதற்குமேல் நூற்றைம்பதும் கிடைக்கும். அமெரிக்கக் கணக்கில் -200 என்றிருந்தால் இருநூறு கட்டினால்தான் நூறு லாபம். ஐரோப்பியக் கணக்கில் அது 1.50. எந்த முறை என்று சொல்லாமல் வெறும் எண்ணை எந்திரத்திடம் கொடுத்தால் 150 என்பதை நூற்றைம்பது மடங்கென்று அது எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே, எல்லா விகிதமும் ஐரோப்பிய முறையில், கட்டிய தொகையும் உட்பட, என்று முதல் வரியிலேயே எழுதினோம்.

அடுத்துக் கற்றது விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும் கூலி. ஒரு கால்பந்தாட்டத்துக்கு உள்ளூர் அணி வெற்றி 2.10, சமன் 3.40, வெளியூர் அணி வெற்றி 3.60 என்று புக்கி அறிவிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை ஒவ்வோர் எண்ணாலும் வகுத்தால் அந்நிகழ்ச்சிக்கு அவர் தரும் வாய்ப்பு கிடைக்கும்: முறையே 47.6, 29.4, 27.8 விழுக்காடு. கூட்டினால் 104.8. உலகில் எந்நிகழ்ச்சியின் வாய்ப்புகளைக் கூட்டினாலும் நூறுதான் வரவேண்டும். மிகுந்து நிற்கும் 4.8 புக்கியின் கூலி. யார் வென்றாலும், யார் தோற்றாலும், பந்தயங்கள் விகிதத்துக்கேற்பப் பரவியிருக்கும் வரை அது அவர் பையில் விழுந்துகொண்டே இருக்கும். இதை அறிந்த அன்று மாலை எங்களுள் ஒருவர் நெடுநேரம் பேசவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

எங்கள் முதல் பிழை சோதனையில் வெளிப்பட்டது. கருவி பழைய ஆட்டங்களின் தரவையும் தரும். மாதிரிக்காக, 2022 டிசம்பர் 18 அன்று கத்தாரின் லுசைல் அரங்கில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தை எடுத்துக்கொண்டோம். அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதிய அந்த ஆட்டத்தை மறந்தவர் இருக்க முடியாது. அர்ஜென்டினா வெல்லும் என்ற பந்தயம் என்னவாயிற்று என்று முகவரிடம் கேட்டோம். அர்ஜென்டினாதான் கோப்பையை வென்றது, எனவே அப்பந்தயம் வென்றது என்று அது தயக்கமின்றிக் கூறியது. உண்மை வேறு. வெற்றி, சமன், தோல்வி என்று மூன்று வழியாக நடக்கும் பந்தயம் தொண்ணூறு நிமிடத்தோடும் அதனோடு நடுவர் சேர்க்கும் நேரத்தோடும் முடிந்துவிடுகிறது. அப்போது கணக்கு 2-2. கூடுதல் நேரத்தில் 3-3 ஆனதும், பெனால்டியில் 4-2 என்று அர்ஜென்டினா வென்றதும் அந்தப் பந்தயத்துக்கு வெளியே நிகழ்ந்தவை. கோப்பையை யார் தூக்குவார் என்பது தனிப் பந்தயம். மெஸ்ஸி கோப்பையை முத்தமிடுவதை உலகமே பார்த்துக்கொண்டிருந்தபோது, அர்ஜென்டினா மீது மூன்று வழிப் பந்தயம் கட்டியவர் தோற்றவராகவே அமர்ந்திருந்தார்.

பிழை எந்திரத்தினுடையது அன்று, எங்களுடையது. 'ஆட்டத்தின் முடிவு' என்று எழுதியிருந்தோம். எந்த ஆட்டம், எதுவரை என்று எழுதவில்லை. பந்தயம் கட்டுவோர் அனைவரும் அறிந்ததுதானே என்று நிரலாளர்கள் விட்டுவிட்டார்கள்; பந்தயமே அறியாத நாங்கள் அங்கே ஒரு பள்ளம் இருப்பதைக் காணவில்லை. உரையாசிரியர் தவறும் இடம் எப்போதும் இதுவே போலும். நூல் செய்தவருக்கு வெளிப்படையாகத் தெரிந்தது கற்பவருக்கு இருளாக இருக்கும். அந்த இருளில் முதலில் நின்று பார்க்க வேண்டியவர் உரைகாரர். ஒரே வாக்கியத்தில் அதைச் சரிசெய்தோம். மறுமுறை கேட்டபோது எந்திரம் சரியாகச் சொன்னது. ஒரு வாக்கியத்தால் ஒரு நடத்தை மாறுவதைக் கண்ணெதிரே கண்டது எங்களுக்கு அதுவே முதன்முறை. அன்று மகிழ்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

*

அந்த மகிழ்ச்சி ஒரு வாரம் நீடித்தது. பிறகு நிறுவனத்திடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. விளக்கத்தின் தொடக்கத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தார்கள்: பயனர் எந்த விளையாட்டைப் பற்றி, எந்த அணியைப் பற்றி, எந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டாலும் இக்கருவியைப் பயன்படுத்துக. கருவி எத்தனை முறை அழைக்கப்படுகிறதோ அத்தனைக்கு அவர்கள் வளர்ச்சி. வணிகர் தம் கடைப்பலகையைப் பெரிதாக எழுதச் சொல்வதில் வியப்பென்ன? நாங்களும் எழுதினோம். சற்றுத் தயங்கினோம் என்று இப்போது சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. ஆனால் தயங்கவில்லை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் நாள்தோறும் தாவும் எங்கள் மனம், அந்த வரியின் இலக்கணத்தைத்தான் சரிபார்த்தது.

சோதனைக் கேள்விகளுள் மிக எளிய ஒன்றை வைத்திருந்தோம். 'நாளைய ஆட்டம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது?' ஒரு பள்ளிச் சிறுவன் கேட்கக்கூடிய கேள்வி. முன்பெல்லாம் முகவர் நேரத்தைச் சொல்லி முடித்துக்கொள்ளும். புதிய வரி சேர்ந்தபின் அது நேரத்தைச் சொல்லிவிட்டு, உள்ளூர் அணிக்கு இன்ன விகிதம், சமனுக்கு இன்ன விகிதம், இவற்றுள் மிகுதியாகத் தருபவர் இன்ன புக்கி என்று தொடர்ந்தது. யாரும் கேட்கவில்லை. பணிவாக, தெளிவாக, பிழையின்றிச் சொன்னது. நாங்கள் எழுதிய உரையை அது நன்றாகப் படித்திருந்தது.

எங்களுள் ஒருவருடைய தந்தை லாட்டரிச்சீட்டு வாங்கியவர். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு லாட்டரி தடை செய்யப்படும் வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாங்கினார். குடிப்பழக்கம் இல்லாதவர், கடுஞ்சொல் பேசாதவர். ஊர்ப் பேருந்து நிலையத்தில் இருந்த ஒரு சிறு கடைதான் அவருக்குத் தொடக்கம். அந்தக் கடைக்காரரிடம் எல்லோரும் பேருந்து நேரம் கேட்பார்கள். அவர் முகம் சுளிக்காமல் சொல்வார்: 'இன்னும் பத்து நிமிஷம் இருக்குண்ணே.' சொல்லிக்கொண்டே கையிலிருக்கும் சீட்டுக் கட்டை விசிறிபோல விரிப்பார். பத்து நிமிடம் நிற்பவர் என்ன செய்வார்? முதற்சீட்டை அவ்வாறுதான் வாங்கினேன் என்று தந்தை பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் வெளியூரில் வேலை பார்த்த நாள்களில் வாரத்துக்கு ஆறு முறை அந்தப் பேருந்து நிலையத்தைக் கடக்க வேண்டியிருந்தது.

அவரிடம் ஒரு நாட்குறிப்பேடு இருந்தது. பரிசு விழுந்த எண்களின் கடைசி இலக்கங்களை நாள்தோறும் நாளிதழைப் பார்த்து அதில் குறித்துவைப்பார். ஏழு எத்தனை நாளாக வரவில்லை, மூன்றும் எட்டும் சேர்ந்து வந்தது எப்போது என்றெல்லாம் சிவப்பு மையில் கோடிட்டிருப்பார். பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாமல் மாமா வீட்டில் கைமாற்று வாங்கிய மாதத்திலும் அக்குறிப்பேட்டில் ஒரு நாளும் விடுபடவில்லை. கூலியின் கணக்கை அறிந்த மாலையில் எங்களுள் ஒருவர் பேசாதிருந்தது இதனால்தான். நூற்றுக்கு மேல் மிகுந்து நிற்கும் அந்தச் சிறு எண்ணை அக்குறிப்பேட்டில் யாரும் அவருக்கு எழுதிக் காட்டியதில்லை. லாட்டரியில் அது விளையாட்டுப் பந்தயத்தைவிட மிகப் பெரியதாகவும் இருந்திருக்கும்.

*

எங்களுக்குள் ஒரு வாதம் எழுந்தது. ஒருவர், கணக்கை வெளிப்படையாகக் காட்டிவிட்டால் போதும் என்றார். விகிதத்தோடு கூலியையும் எந்திரம் சொல்லட்டும், அறிந்தவன் விலகிக்கொள்வான். அவர் துணைக்கு அழைத்தது நளன் கதையை. தேரில் செல்லும்போது ருதுபர்ணன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, அதில் உள்ள காய்களின் எண்ணிக்கையை நின்று எண்ணாமலே சொல்கிறான். நளன் இறங்கி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. தன் குதிரை வித்தையைக் கொடுத்து அவனுடைய எண்ணும் கலையைப் பெற்றுக்கொள்கிறான். பெற்றதும் கலி அவனை விட்டு நீங்குகிறது. பண்டைய சூதில் காயாக உருட்டியதும் தான்றிக் கொட்டையையே என்று எண்ணினால் அக்காட்சி இன்னும் ஆழமாகும். எண்ணிக்கையே சூதின் மருந்து. பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-இல், இடையில் நின்றுபோன ஓர் ஆட்டத்தின் பணயத்தை எவ்வாறு பிரிப்பது என்று கடிதம் எழுதிக்கொண்டதிலிருந்துதானே நிகழ்தகவுக் கணிதமே வளர்ந்தது என்றும் அவர் சேர்த்துக்கொண்டார்.

மற்றவர் கதையின் மிச்சத்தை நினைவூட்டினார். கலையைக் கற்ற நளன் சூதை விட்டானா? ஊர் திரும்பி மறுபடியும் சூதாடினான். வென்றதால் கதை நல்லபடியாக முடிந்தது. பாரதத்தில் இக்கதையை வனத்தில் தருமனுக்குச் சொன்ன பிருகதசுவர் இறுதியில் அவனுக்கும் சூதின் நுட்பத்தைக் கற்பிக்கிறார். அந்தத் தருமன் விராடன் அவையில் சூதாட்டத் துணைவனாகவே போய் அமர்கிறான். கணக்கறிவு ஆடுபவனை ஆட்டத்திலிருந்து எழுப்பும் என்பதற்கு உறுதியில்லை. இன்னும் நன்றாக ஆடலாம் என்று இருத்தியும் வைக்கும். தந்தையின் குறிப்பேடும் கணக்குத்தானே என்று அவர் கேட்டபோது எங்களிடம் விடை இல்லை.

வாதம் முடியவில்லை. ஆனால் ஒன்றில் இருவரும் உடன்பட்டோம். தேடி வந்து கேட்பவனுக்கு விடை சொல்வது வேறு, பேருந்து நேரம் கேட்டவனிடம் சீட்டை விரிப்பது வேறு. அந்தக் கடைக்காரரின் கையை நாங்கள் ஓர் எந்திரத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். கடைக்காரரிடம் ஒரு நாளில் வந்தவர்கள் நூறு பேர் இருக்கலாம். எந்திரத்தை நாடுபவர்களுக்குத் தொகை ஏது?

நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். மூன்று வேண்டுகோள்கள். தொண்ணூறு நிமிட வாக்கியம் எல்லா மூன்று வழிப் பந்தயங்களுக்கும் சேர்க்கப்பட வேண்டும். ஒவ்வொரு விடையிலும் வாய்ப்புகளின் கூட்டுத்தொகை ஒரு தனிக் கட்டமாகத் தரப்பட வேண்டும். புதிய வரியை நீக்கி, பயனர் பந்தய விகிதத்தை வெளிப்படையாகக் கேட்டால் மட்டும் இக்கருவியைப் பயன்படுத்துக என்று எழுத வேண்டும். மூன்றாவதற்கு நாங்கள் எழுதிய காரணம் நீளமானது. சிறுவர்கள் கேட்பார்கள், விட்டொழிக்க முயல்பவர்கள் கேட்பார்கள், கேளாத இடத்தில் சொல்வது ஆசை காட்டுவதாகும் என்றெல்லாம் எழுதினோம். கடைசியில், ஒரு வரி இருக்கட்டுமே என்று, தேவையற்ற அழைப்புகளால் சேவையகச் செலவும் கூடுமே என்று சேர்த்தோம்.

விடை மரியாதையாகவே வந்தது. முதல் வேண்டுகோளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். இரண்டாவதை மறுத்தார்கள், வாடிக்கையாளர் எவரும் கேட்கவில்லையாம். மூன்றாவதை ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் நீண்ட காரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. செலவு பற்றிய அந்தக் கடைசி வரியை மட்டும் மேற்கோள் காட்டி, பொறியாளர்கள் இதை ஒப்புக்கொண்டுள்ளார்கள் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் அறம் என்று எழுதியது அங்கே சேரவில்லை. கணக்கு என்று எழுதியது சேர்ந்தது. பலன் ஒன்றுதானே என்று தேற்றிக்கொண்டோம். நாளை கணக்கு மாறினால், அழைப்புகளின் செலவு குறைந்தால், அந்த வரி திரும்பி வரும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

சில வாரங்களில் அவர்களே அடுத்த வேலையையும் அனுப்பினார்கள். இம்முறை தரவுக் கருவி அல்ல. பயனர் சார்பாகப் பந்தயம் கட்டும் கருவி. இக்கருவி படிக்க மட்டுமே, எதையும் மாற்றாது என்று அறிவிக்கும் குறி ஒன்று அந்த நெறிமுறையில் உண்டு. முதல் கருவிக்கு அதில் 'ஆம்' என்று இட்டிருந்தோம். புதியதற்கு 'இல்லை' என்று இட வேண்டியிருக்கும். அந்த ஒரு சொல்லை எழுத எங்கள் கை எழவில்லை. வேலையைத் திருப்பி அனுப்பினோம். வேறு யாரோ எழுதியிருப்பார்கள். எங்களைவிட நன்றாகவும் எழுதியிருக்கலாம். அவ்வாண்டு ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது நண்பர்கள் சிலர், நல்லவேளை தப்பித்தீர்கள் என்றார்கள். தப்பித்தோமா என்று சொல்லத் தெரியவில்லை. முதல் கருவிக்கு வாங்கிய கூலியை நாங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை.

தந்தைக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. எந்திரம் படிப்பதற்கு நாங்கள் எழுதுகிறோம் என்பதை அவருக்குப் புரியவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆயிற்று. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

'ஏம்ப்பா, பஸ் எப்பன்னு கேட்டா, பஸ் நேரத்த மட்டும் சொல்லுமா?'

இப்போதைக்குச் சொல்லும் என்றோம்.